வளைகாப்பன்னைக்கு ஏறின சர்க்கரை

"நான் சாப்பிடல" என்று ஒரு கர்ப்பிணி சொன்னால், அதை நம்பக்கூடிய மனிதர் கடலூர் மாவட்டத்தில் இதுவரை பிறக்கவில்லை. "சாப்பிட்டேன்" என்றாலும் நம்ப மாட்டார்கள், "பத்தாது, இன்னும் ரெண்டு வாய்" என்பார்கள். அது வேறு கதை. சாப்பிடாததைச் சாப்பிடவில்லை என்று சொன்ன குற்றத்துக்காக, பட்டுப்புடவையும் கை நிறைய வளையலும் கன்னம் நிறையச் சந்தனமுமாகச் சிதம்பரத்திலிருந்து கடலூர் வரைக்கும் வேனில் அள்ளிக்கொண்டு போகப்பட்ட ஒரே பெண் நான்தான் என்று நினைக்கிறேன். (இன்னொருத்தி இருந்தால் சொல்லுங்கள், சங்கம் ஆரம்பித்துவிடலாம்.)

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிறந்தது கடலூர் மஞ்சக்குப்பம், வாழ்க்கைப்பட்டது சிதம்பரம். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர். எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்கிற நினைப்பு அப்போது எனக்குக் கொஞ்சம் ஜாஸ்தி. கொஞ்சம் என்ன கொஞ்சம், நிறையவே ஜாஸ்தி.

முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பதால் ஆரம்பத்திலிருந்தே கடலூரில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டிக்கொண்டிருந்தோம். ஆறாம் மாதம் போனபோது ஒரு டம்ளர் நிறைய குளுக்கோஸ் தண்ணீரைக் கொடுத்துக் குடிக்கச் சொன்னார்கள். குடித்துவிட்டு, வயிற்றைப் புரட்டிக்கொண்டு வர, ரெண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார், "கர்ப்பத்துல வர்ற சர்க்கரை வந்திருக்கும்மா."

"நான் இனிப்பே சாப்பிட மாட்டேனே டாக்டர்!" என்றேன். (பொய். முந்தின வாரம்தான் ஒரு கிலோ பால்கோவாவைத் தனியாளாக முடித்திருந்தேன்.)

"நீங்க இனிப்பு சாப்பிட்டதால வரல. நஞ்சுக்கொடியில ஊறுற ஹார்மோன் பண்ற வேலை இது. ஆனா கட்டுக்குள்ள வெக்கணும். இல்லன்னா பிள்ளை அளவுக்கு மீறி பெருசாயிடும், பொறந்ததும் அதுக்குச் சர்க்கரை சட்டுனு இறங்கிடும்" என்றார். சாப்பாட்டைச் சரி பண்ணுவோம், நடப்போம், வீட்டிலேயே மெஷினில் பார்த்து எழுதிக்கொண்டு வாங்க, அதிலும் அடங்கவில்லை என்றால் இன்சுலின் போட்டுக்கலாம், அதில் தப்பே இல்லை, பிள்ளைக்கு அது நல்லதுதான் என்று பொறுமையாகத்தான் சொன்னார். என் மண்டையில் ஏறியது ஒன்றுதான். இன்சுலின் போட்டால் நான் ஃபெயில். இத்தனை பிள்ளைகளுக்கு மார்க் போடுகிறவள் தன் பிள்ளை விஷயத்தில் ஃபெயில் ஆவதா?

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் முதலில் எழுந்த கேள்வி, இது யார் வீட்டுச் சர்க்கரை என்பது.

"எங்க வம்சத்துலயே யாருக்கும் சர்க்கரை கெடையாது" என்றார் அத்தை. என் மாமியாரைத்தான் சொல்கிறேன்.

போனில் ஸ்பீக்கர் போட்டிருந்ததால் மஞ்சக்குப்பத்திலிருந்து அம்மா உடனே பதில் சொன்னாள், "எங்க பக்கமும் ஒருத்தருக்கும் இல்லீங்க சம்பந்தி."

இந்த நேரத்தில் என் மாமனார் ஹாலில் உட்கார்ந்து சர்க்கரை மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நான் அவரைப் பார்த்தேன். அத்தையும் பார்த்தார்.

"அவருக்கு இருக்கறது லேசான சர்க்கரை. அது கணக்குல வராது" என்றார் அத்தை. மாமனாரும், "ரொம்ப லேசு" என்று தலையை ஆட்டினார்.

அன்றிலிருந்து என் தட்டு மாறியது. பாதித் தட்டு காய், கால் தட்டு பருப்போ முட்டையோ மீனோ, மீதிக் கால்தான் சோறு. அத்தை முதல் நாள் என் தட்டைப் பார்த்துவிட்டு, "இது சாப்பாடா, கோலமா?" என்று கேட்டார். எங்கள் வீட்டில் சோறு போடும்போது தட்டின் விளிம்பு தெரிந்தால் அது மரியாதைக் குறைவு. இட்லி ரெண்டே ரெண்டு, ஆனால் கத்தரிக்காய் கொத்சு எவ்வளவு வேண்டுமானாலும் என்று ஆனதும் இட்லிக்குக் கொத்சு தொட்டுக்கொண்ட காலம் போய், கொத்சுக்கு இட்லி தொட்டுக்கொள்ளும் காலம் வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வெந்தயம், பாகற்காய், நாவல் கொட்டை, ஆவாரம்பூ. சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஸ்வீட் டப்பாவை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிள்ளைத்தாச்சியை வெறுங்கையோடு பார்க்கக் கூடாதாம்.

சாப்பிட்டதும் நடக்க வேண்டும். தெற்கு வீதியில் நானும் மாமனாரும் நடப்போம். அவருக்கும் நடை நல்லது என்று அத்தை கூட அனுப்பினார். பாதி வழியில் அவர் டீக்கடையில் நின்றுவிடுவார். "நீ நடம்மா, நான் பின்னாடியே வர்றேன்" என்பார். நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு சுற்று முடித்துத் திரும்பினால், அவர் பன்னை டீயில் முக்கிக்கொண்டிருப்பார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், என் எண்கள் நன்றாக இருந்தன. காலையில் எழுந்து, முகம் கை கால் கழுவி, விரலில் குத்தி, ஒரு சொட்டை எடுத்து மெஷினில் செருகிய பட்டையில் வைத்து, வருகிற எண்ணை என் வீட்டுக்காரரிடம் சத்தமாகப் படிப்பேன். அவர் "சூப்பர்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்றைக்கு வீட்டில் சண்டை. வளைகாப்பு முடிந்து கடலூர் வந்ததும் பார்க்கிறேன், அதுவரைக்கும் காலை டிபன் சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து வரும் அளவை ஒரு வாரம் விடாமல் பாருங்கள், இதே மாதிரி இருந்தால் இன்சுலினே வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த ஒரு வாரத்துக்கு நடுவில்தான் வளைகாப்பு வந்தது.

எங்கள் பக்கத்து வளைகாப்பு தெரியும் அல்லவா. மேடையில் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டால் ஆரத்தி எடுக்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. வந்த பெண்கள் ஒவ்வொருத்தரும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, வளையல் போட்டு, வாயில் ஒரு இனிப்பை வைத்துவிட்டுத்தான் இறங்குவார்கள். நான் அத்தையிடம் போய், "இந்த இனிப்பு ஊட்டுறத மட்டும் விட்டுடலாமா அத்தை?" என்றேன்.

"என்னாடி பேசற? பிள்ளத்தாச்சி வாயில இனிப்பு வெக்காம அனுப்புனா ஊரு என்னா பேசும்? பேருக்கு ஒரு துளி. ஒரு துளியில என்னா ஆயிடப் போவுது?"

தொண்ணூறு பேருக்குச் சொல்லியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு துளி என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அத்தையிடம் வாதாடிப் பயனில்லை என்று நாத்தனாரிடம் போனேன். கவிக்கு அப்போது காலேஜ் முதல் வருஷம். தில்லுமுல்லு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு.

"அண்ணி, இது ஒரு மேட்டரே இல்ல. பல்லு வலி, கையில குடுங்க, மெதுவா மெல்றேன்னு சொல்லிடுங்க. கையில வாங்குங்க. வாய்க்கிட்ட கொண்டு போங்க. தலையக் குனிஞ்சு கும்புடற மாதிரி குனிஞ்சு, கைய அப்பிடியே பின்னாடி விட்டுடுங்க. நான் நாற்காலிக்குப் பின்னாடி ஒரு தூக்குச் சட்டியோட குந்தியிருப்பேன்."

முந்தின நாள் மத்தியானம் ரூமைச் சாத்திக்கொண்டு தேங்காய்ச் சில்லை வைத்து ஒத்திகை பார்த்தோம். என் கை வேகத்தைப் பார்த்து எனக்கே பெருமையாக இருந்தது.

வளைகாப்பன்று காலையில் ரெண்டு இட்லியும் கொத்சும் சாப்பிட்டுவிட்டு மேடை நாற்காலியில் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் போனில் ரெண்டு மணி நேரத்துக்கு அலாரம் வைத்துக்கொண்டார். ஆரம்பமானது. முதலில் அத்தை, அதிரசம். "பல்லு வலி அத்தை, கையில..." என்றேன். முகத்தைச் சுளித்தாலும் கையில் கொடுத்தார். வாங்கினேன், குனிந்தேன், விட்டேன். தூக்குச் சட்டியில் 'தொப்'பென்று விழுந்தது. அடுத்து அம்மா, ஜிலேபி. தொப். அப்புறம் லட்டு, பாதுஷா, சர்க்கரைப் பொங்கல். (சர்க்கரைப் பொங்கலை உள்ளங்கையில் வாங்கிப் பின்பக்கமாக வழித்துப் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.) ஒரு பருக்கைகூட என் வாய்க்குள் போகவில்லை. மனசுக்குள் என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக வந்தார் பண்ருட்டி மாமா. அம்மாவின் தம்பி, எனக்குத் தாய்மாமன். சீர்வரிசையோடு சொந்த வேனில் முழுசாக ரெண்டு பலாப்பழம் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். ஆம்பளைங்க மேடைக்கு வரக் கூடாது என்று நாலு பேர் சொன்னார்கள். தாய்மாமனுக்கு இல்லாத உரிமையா என்று ஏறிவிட்டார். கையில் ஒரு கிண்ணம். கிண்ணம் நிறைய தேன். தேனுக்குள் பலாச்சுளை.

"மாமா, எனக்குச் சர்க்கரை இருக்கு மாமா!"

"தெரியும் கண்ணு. அதனாலதான் ஸ்வீட்டே எடுத்தாரல. இது பழந்தானே? தேன் மருந்துதானே? இதுல எங்க சக்கரை வந்துச்சு?"

அவரோடு என்ன பேசுவது? கையை நீட்டினேன். அஞ்சு சுளை வைத்தார். தேன் விரல் இடுக்கெல்லாம் இறங்கி, மணிக்கட்டில் ஓடி, வளையல்களுக்குள் புகுந்தது. குனிந்து, பின்னால் விட்டு, நிமிர்ந்தேன். அவர் கண்கலங்கி நின்றுகொண்டிருந்தார். கையை ஆட்டிப் பார்த்தேன். வளையல் சத்தமே வரவில்லை, எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. எழுந்துபோய்க் கழுவ முடியாதே, ஆரத்தி ஆகவில்லையே. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டேன்.

பெண்கள் நலங்குப் பாட்டு நாலு பாடி முடித்தபோது அலாரம் அடித்தது.

என் வீட்டுக்காரர் மெஷினை எடுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். "இங்க வேணாம், ஆரத்தி முடியட்டுமே" என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். எனக்குத்தான் ஏத்தம். "நேரம் தவறினா அளவு தப்பாயிடும், இங்கயே பாருங்க. எல்லாரும் பக்கத்துல வாங்க, சாப்பாட்டுலயே சர்க்கரைய எப்பிடிக் கட்டுப்படுத்தறதுன்னு பாருங்க!" என்று கிளாஸ் எடுக்கிற குரலில் கூப்பிட்டேன். சித்தி, பெரியம்மா, பக்கத்து வீடு, எதிர் வீடு, எல்லாரும் வட்டம் கட்டினார்கள். விரலை நீட்டினேன். இவர் குத்தினார். ஒரு சொட்டு. பட்டையில் வைத்தார்.

எண் வரவில்லை. இங்கிலீஷில் ரெண்டு எழுத்துதான் வந்தது. அளவுக்கு மீறிப் போய்விட்டது, எவ்வளவு என்று என்னால் சொல்ல முடியாது என்று மெஷின் கையை விரித்துவிட்டால் வருகிற எழுத்து அது. அறுநூறுக்கு மேல் என்று அர்த்தம்.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றேன்.

இவர் முகம் வெளுத்துவிட்டது. பக்கத்து விரலில் குத்தினார். நானூற்று எண்பத்தாறு.

"பரவால்லடா, கொறையுது" என்றார் மாமனார்.

அவ்வளவுதான். அம்மா ஓவென்று அழ ஆரம்பித்தாள். அத்தை என் முகத்தைப் பிடித்துத் திருப்பினார். "என்னாடி சாப்புட்ட? உண்மையச் சொல்லு."

"ஒண்ணுமே சாப்பிடல அத்தை!"

"நாங்க தந்ததயெல்லாம் வாங்கித் தின்னியே, கண்ணால பாத்தேனே! ஒரு துளின்னா ஒரு துளியோட நிறுத்த மாட்டியா?"

"ஒரு துளி வெக்கணும்னு சொன்னதே நீங்கதானே சம்பந்தி" என்று அம்மா அழுகைக்கு நடுவில் எடுத்துக் கொடுத்தாள்.

"ஏன், ஒங்க தம்பி தேன் கிண்ணத்தோட ஏறுனாரே, அது என்னா துளியா?"

"கவி!" என்று கத்தினேன். "அந்தத் தூக்க எடுத்துக் காட்டு!"

கவி நாற்காலிக்குப் பின்னாலிருந்து தவழ்ந்து வெளியே வந்தாள். திட்டத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லிவிட்டு, நிரம்பினதும் சமையல்கட்டு ஓரமாக வைத்திருந்த தூக்கை எடுத்துக்கொண்டு வந்து, எல்லார் முன்னாலும் மூடியைத் திறந்தாள்.

உள்ளே கொஞ்சம் பாகும் நாலு பலாக்கொட்டையும்தான் இருந்தன.

"அண்ணி, சத்தியமா ரொம்ப இருந்துச்சு அண்ணி" என்றாள். அவள் சொல்லை யார் நம்புவார்கள்? ரெண்டு பேரும் சேர்ந்து கூட்டுச் சதி என்று முடிவாகிவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டோம். டாக்டரம்மா ஆபரேஷனில் இருந்தார். நர்ஸ் எண்ணைக் கேட்டதும், "உடனே கூட்டிட்டு வாங்க" என்றார். எமகண்டம் முடிந்தபிறகுதான் புறப்பட வேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்த அத்தை, "நேரமாவது ஒண்ணாவது, ஏறுங்கடா வண்டியில" என்றார். பண்ருட்டி மாமாவின் வேன் வாசலில் நின்றது. அவர் ஓட்ட, நடுவில் நான், ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் அத்தை. பின்னால் இவர், கவி, மாமனார். கூடவே மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த ஏழு வகைச் சாதமும் ஏறியது. யார் ஏற்றினார்கள் என்று தெரியவில்லை. நம் ஆட்கள் எந்த ஆபத்துக்கும் வெறும் வயிற்றோடு கிளம்ப மாட்டார்கள்.

வேன் கிளம்பினதும் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது. மற்றவர்களுக்கு ஒரு நிம்மதி இருந்தது, இவள் திருட்டுத்தனமாகத் தின்றாள், அதனால் ஏறியது, இனி திங்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று. எனக்கு அதுவும் இல்லை. ஒன்றும் சாப்பிடாமலே இவ்வளவு ஏறுகிறது என்றால், இத்தனை நாள் நான் அளந்து தின்ற சோறும், நடந்த நடையும், பார்த்த எண்ணும் எதற்கு? உள்ளே பிள்ளைக்கு என்ன ஆகிக்கொண்டிருக்கிறது? பிள்ளை நன்றாக உதைத்துக்கொண்டுதான் இருந்தது. இருந்தாலும் அழுகை நிற்கவில்லை. "அம்மா சாப்பிடலடா தங்கம், நீயாவது நம்பு" என்று வயிற்றிடம் சொன்னேன்.

அதைக் கேட்டதும் அத்தைக்கும் கோபம் போய்விட்டது. என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வைத்தவர் திடுக்கிட்டு, "அய்யோ, கையெல்லாம் பிசுபிசுன்னு வேர்த்துக் கெடக்குதே! சர்க்கரை ஏறுனா இப்பிடித்தான் வேர்க்குமாம்" என்றார்.

ரயில்வே கேட் போட்டிருந்தது. வேன் நின்ற இடத்தில் ஏதோ ஒரு மரம். ஜன்னல் வழியாக எப்படி ஏறியதோ, அம்மா, "எறும்பு!" என்று அலறினாள். என் மணிக்கட்டில் ஒன்று, வளையலில் ரெண்டு. பண்ருட்டி மாமா திரும்பிப் பார்த்தார். அவர் முகம் செத்துவிட்டது.

"அக்கா, தோல் வழியாவே சக்கரை வெளிய வருதுக்கா!"

வேனே அழுதது. நானும் அழுதேன். கெமிஸ்ட்ரியில் எம்.எஸ்சி., பி.எட். படித்தவள், என் தோல் வழியாகச் சர்க்கரை வருகிறது என்று நம்பி, எறும்பைத் தட்டக்கூடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் என்னைப் பார்த்ததும் வாட்ச்மேன் பிரசவ வலி என்று நினைத்துச் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து வழி விட்டார்கள். ஒரு அம்மாள், "வளைகாப்புலயே வலி வந்துடுச்சு போல, பாவம்" என்று உச்சுக் கொட்டினார். டாக்டரம்மா ஆபரேஷன் முடித்து அப்போதுதான் வெளியே வந்திருந்தார். மயக்கம் இருக்கா, வாந்தி இருக்கா, தாகம் எடுக்குதா, குழந்தை அசையுதா என்று கேட்டார். எல்லாம் சரியாக இருந்தது. "சரி, கையக் காட்டுங்க" என்று என் விரலைப் பிடித்தார்.

பிடித்த கையை எடுக்க வரவில்லை. அவருடைய கிளவுஸ் என் விரலோடு ஒட்டிக்கொண்டது.

"என்னம்மா இது?"

"தேன், டாக்டர்."

"தேனா?"

"மேலதான் தேன். அதுக்கடியில சர்க்கரைப் பொங்கல். அதுக்கடியில ஜிலேபிப் பாகு, அதிரசம்..." சொல்லிக்கொண்டே வரும்போதுதான் எனக்கு உறைத்தது. டாக்டரம்மா என் விரல்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பின்னால் அழுதுகொண்டு நின்ற கூட்டத்தைப் பார்த்தார்.

"போய் சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க" என்றார்.

கழுவினேன். தேய்க்கத் தேய்க்க வளையல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து சத்தம் போட ஆரம்பித்தன. அந்தச் சத்தம் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்டது. வந்து உட்கார்ந்தேன். குத்தினார். நூற்றெட்டு.

சந்தேகத்துக்கு முழங்கை நரம்பில் ரத்தம் எடுத்தும் பார்த்தார்கள். அதுவும் சரியாகவே இருந்தது. "மெஷின் பொய் சொல்லல. ஒங்க விரல்ல இருந்த பாக அளந்து சொல்லியிருக்கு" என்றார் டாக்டரம்மா. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீங்க டீச்சர்தானே? என்ன சப்ஜெக்ட்?" என்று கேட்டார்.

"தமிழ்" என்றேன். (தமிழாசிரியர்கள் என்னை மன்னிக்க வேண்டும்.)

"கெமிஸ்ட்ரின்னு சொல்லு" என்றார் பக்கத்திலிருந்து என் வீட்டுக்காரர். அதற்கு அவர் இன்றைக்கும் அனுபவிக்கிறார்.

கொண்டுவந்திருந்த எண்களை எல்லாம் பார்த்துவிட்டு, இன்சுலின் தேவையே இல்லை, இப்படியே சாப்பிட்டுக்கொண்டு போங்கள் என்று டாக்டரம்மா சொன்னதும் நான் மறுபடி அழுதேன். இது வேறு அழுகை. அத்தை என் தலையைத் தடவிக்கொண்டே, "அவ சாப்புடலன்னு சொன்னப்பவே நான் நம்புனேன்" என்றார். வேனில் வந்த அத்தனை பேரும் அவரையே பார்த்தோம். அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

பிறகுதான் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டாள். "அப்ப தூக்குல இருந்ததெல்லாம் எங்க போச்சு?"

ஒவ்வொருத்தராகத் திரும்பி, மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து நாளிதழை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்த என் மாமனாரைப் பார்த்தோம். நாளிதழ் நெஞ்சு உயரத்துக்கு இறங்கியது. மீசை நுனியில் ஒரு துளி ஜிலேபிப் பாகு காய்ந்து மின்னியது.

"சும்மா கெடந்துச்சு. வீணாப் போவுதேன்னு..." என்றார்.

"ஐயாவுக்கும் ஒரு தடவை பாத்துடலாமா?" என்றார் டாக்டரம்மா.

அவரை நாங்கள் ரெண்டு கையும் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினோம். கவி நகத்துக்குள்ளேகூடத் தேய்த்தாள். குத்தினார்கள். முந்நூற்று நாற்பது. அத்தை எட்டிப் பார்த்தார். "நல்லாக் கழுவுனீங்களா? இன்னொரு தடவை கழுவிப் பாருங்களேன்" என்றார். இன்னொரு தடவை கழுவினோம். முந்நூற்று நாற்பத்தி ரெண்டு.

எனக்கு வராத இன்சுலின் அவருக்கு வந்தது. லேசான சர்க்கரை கணக்கில் வந்துவிட்டது. அன்றைக்கு ஆஸ்பத்திரி மரத்தடியில் வேனை நிறுத்திவிட்டு, ஏழு வகைச் சாதத்தையும் பிரித்து எல்லாரும் சாப்பிட்டார்கள். எனக்கும் மாமனாருக்கும் ஒரே மாதிரித் தட்டு. பாதி வெள்ளரிக்காய், கால் சுண்டல், கால் எலுமிச்சைச் சாதம். அவர் என் தட்டைப் பார்த்தார், தன் தட்டைப் பார்த்தார், "கோலம் நல்லாத்தாம்மா இருக்கு" என்றார்.

மகள் பிறந்தாள். அளவான எடை, சர்க்கரையெல்லாம் சரி. எனக்கும் பிரசவத்துக்குப் பிறகு சரியாகிவிட்டது. ஆனால் பின்னால் திரும்ப வரலாம், அதனால் வருஷத்துக்கு ஒரு தடவை கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். தவறாமல் போகிறேன். வீட்டில் இப்போது எந்தக் கெட்ட செய்தி வந்தாலும், கரண்ட் பில்லோ கவியின் அரியரோ, யாராவது ஒருத்தர், "கையக் கழுவிட்டு இன்னொரு தடவ பாரு" என்பார்கள். அதைக் கேட்டு என்னைத் தவிர எல்லாரும் சிரிப்பார்கள்.

நான் அந்த வருஷாந்திர டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்கப் போகிற அன்று காலையில் அத்தையிடமிருந்து போன் வந்துவிடும்.

"கையக் கழுவிட்டியா?"

"கழுவிட்டேன் அத்தை."

"சோப்புப் போட்டு?"

"சோப்புப் போட்டுத்தான்."

போன வருஷம் எனக்குப் பொறுமை போய்விட்டது. "அத்தை, லேப்ல விரல்ல குத்த மாட்டாங்க. முழங்கை நரம்புலதான் ஊசி போட்டு ரத்தம் எடுப்பாங்க. கை கழுவுறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று விளக்கினேன்.

அத்தை அதையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

"அப்ப முழங்கை வரைக்கும் கழுவு" என்றார்.

கழுவிவிட்டுத்தான் போனேன்.